திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

முன்னொரு காலத்தில் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு முடிவுத் திகதி இருந்தது. அதைப் பரீட்சைத் திணைக்களம் குறிக்கவில்லை. பாடசாலை அதிபரும் குறிக்கவில்லை. பிள்ளையின் உடம்பே அதைக் குறித்தது. ஒருநாள் காலையில் அவள் பெரியபிள்ளையாகிவிடுவாள். அன்றோடு சிலேட்டும் புத்தகமும் பரணுக்குப் போய்விடும். பிள்ளை கணக்கில் கெட்டிக்காரியா, வாசிப்பில் கெட்டிக்காரியா என்று எவரும் கேட்பதில்லை. குமர்ப்பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது என்ற ஒரே வரியில் அவளது கல்வி முடிந்துவிடும்.

எங்கள் உம்மும்மாவும் அப்படிப் படிப்பை விட்டவர்தான். ஐந்தாம் வகுப்பு வரைதான் போனாராம். இன்றும் கடைச் சிட்டையைப் பார்த்துக் கடதாசியோ பென்சிலோ இல்லாமல் மனதாலேயே கூட்டிச் சொல்லுவார். கடைக்காரர் ஒரு ரூபாய் பிழைவிட்டாலும் பிடித்துவிடுவார். அந்த மூளைக்கு இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் பாடசாலை கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அவரைப் போன்றவர்கள் எல்லா ஊர்களிலும், எல்லாச் சமூகங்களிலும் இருந்தார்கள். அவர்களுள் மிகச் சிலரே அந்த முடிவுத் திகதியைத் தாண்டிப் போனார்கள். அப்படிப் போன ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்கும் மாணவி. வைத்தியராக வேண்டும் என்பது எனது ஆசை. பெண் வைத்தியர்களின் வரலாறுகளைத் தேடி வாசித்தபோதுதான் இவரை அறிந்தேன். சட்டசபை உறுப்பினர், வைத்தியசாலை அமைத்தவர், விருது பெற்றவர் என்றெல்லாம் அவரைப் பற்றி எழுதுவார்கள். அவையெல்லாம் பெரிய விடயங்களே. ஆயினும் என் மனதில் நின்றது அவரது பதின்மூன்றாவது வயதுதான். அந்த வயதில் அவரது கதையும் மற்றவர்களது கதையைப் போலவே முடிந்திருக்க வேண்டும். அது முடியாமல் போனது எப்படி?

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆந் திகதி தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் பிறந்தார். அன்று அது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். தகப்பனார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர்; புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வர் பொறுப்பு வகித்தவர். தாயார் சந்திரம்மாள், கோயில்களுக்குப் பெண்பிள்ளைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமிருந்த குடும்பப் பின்னணியைச் சேர்ந்தவர். உயர்குலத்தவராகக் கருதப்பட்ட ஒருவர் அப்படியொரு பெண்ணைத் துணையாக ஏற்றதை உறவினர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆகவே, அந்தப் பிள்ளை பிறந்த வீட்டைச் சுற்றி ஊர்ப்பேச்சு எப்போதும் இருந்தது. பெண் என்பதால் ஒரு தடை, தாயின் குலம் என்பதால் இன்னொரு தடை என்று இரட்டைச் சுமையோடுதான் அவர் வளர்ந்தார்.

பெண்பிள்ளைகளை எழுத்தறிவிக்க அனுப்புவதே அபூர்வமான அந்நாளில், தகப்பனார் தமது மூத்த மகளைச் சிறு வயதிலேயே பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே படித்தார்கள். வீட்டுக் கணக்கு எழுதவும் கடிதம் வாசிக்கவும் தெரிந்தால் போதும் என்பதே பெண்கல்விக்கு அன்றிருந்த அளவுகோல். ஆனால் இந்தப் பிள்ளை அந்த அளவுகோலோடு நிற்கவில்லை. ஆங்கிலமும் படித்தார், பையன்களோடு போட்டியிட்டுத் தேறினார்.

பின்பு அந்த நாள் வந்தது. பதின்மூன்று வயதளவில் முத்துலட்சுமி பெரியபிள்ளையானார். ஊர் வழக்கப்படி பாடசாலைப் பயணம் நின்றது. அக்காலத் தமிழ்நாட்டில் மாதவிடாய் வந்த பெண்ணை ஒதுக்கி இருத்துவது வழக்கம். தனிப் பாய், தனித் தட்டு, தனி மூலை என்று அந்த நாட்கள் கழியும். பல குடும்பங்களில் பிள்ளைக்கு அந்த வயது வருவதற்கு முன்பே கலியாணம் முடிந்துவிடும். அப்படி முடியாவிட்டால், வயதுக்கு வந்தவுடன் மாப்பிள்ளை தேடத் தொடங்குவார்கள். முத்துலட்சுமியின் தாயாருக்கும் அந்தக் கவலை இருந்தது. ஒரு தாயின் கவலையாக அதை நாம் புரிந்துகொள்ளலாம். ஊரார் நாக்குக்கு அஞ்சாத தாய்மார் எக்காலத்திலும் குறைவுதானே!

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. மகள் பாடசாலைக்குப் போக முடியாவிட்டால் பாடசாலை மகளிடம் வரட்டும் என்று தகப்பனார் முடிவு செய்தார். தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு ஆசிரியர் வைத்தும் படிப்பித்தார். திருமணப் பேச்சை மகள் விரும்பவில்லை, தகப்பனாரும் வற்புறுத்தவில்லை. வெளியே போகாமலே, வகுப்பறையில் அமராமலே, முத்துலட்சுமி 1902 ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் பரீட்சையில் சித்தியடைந்தார். ஒதுக்கி வைக்கப்பட்ட வீட்டு மூலையே ஒரு வகுப்பறையாகியது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கல்லூரி முதல்வர் தகப்பனாக வாய்ப்பதில்லை என்பது உண்மைதான். அதே தெருவில், அதே ஆண்டில், அதே வயதில் வீட்டுக்குள் இருத்தப்பட்ட மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் இன்று எவருக்கும் தெரியாது. அவர்களுள் எத்தனை வைத்தியர்கள், எத்தனை ஆசிரியைகள் இருந்தார்களோ! அவர்களுக்கும் முத்துலட்சுமிக்கும் இருந்த வித்தியாசம் திறமையில் இல்லை. வீட்டில் ஒருவர் எழுந்து நின்று, இது படிப்பை நிறுத்துவதற்கான காரணமாகாது என்று முடிவெடுத்ததே வித்தியாசம்.

உண்மையில் அது எத்தகைய காரணம்? உயிரியல் பாடத்தில் இதனை நாம் படிக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒரு சிசுவைத் தாங்குவதற்காகக் கருப்பை தன் உட்சுவரைத் தடிப்பாக்கித் தயாராகின்றது. கரு தங்காதபோது அந்தச் சுவர் உதிர்ந்து குருதியோடு வெளியேறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஏழு நாட்கள் வரை இது நீடிக்கும். பெண்பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் இரண்டொரு ஆண்டுகள் ஒழுங்கற்று வருவதும் இயல்பே. இதில் நோயும் இல்லை, வெட்கப்பட ஏதுமில்லை. மனித இனம் தொடர்வதற்காக அல்லாஹ் அமைத்த ஏற்பாடு இது.

எமது மார்க்கம் இந்த நாட்களில் பெண்ணுக்குத் தொழுகையிலிருந்து விலக்களித்திருக்கிறது. நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. கல்வி கற்பதிலிருந்து விலகியிருக்கும்படி எங்கும் சொல்லவில்லை. மதீனாவின் அன்சாரிப் பெண்கள் ஹைழைப் பற்றியும் குளிப்பைப் பற்றியும் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டுத் தெளிவு பெற்றார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களுக்குத் தடையாகவில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அப்பெண்களைப் பாராட்டியிருக்கிறார்கள். அவர்கள் பள்ளிவாசலை அண்டி வாழ்ந்த காலத்தில் கேட்க முடிந்த கேள்வியை, இன்று நாம் வகுப்பறையில் கேட்கத் தயங்குகிறோம் என்றால் அந்தத் தயக்கம் மார்க்கத்திலிருந்து வந்ததல்ல, ஊர்வழக்கத்திலிருந்து வந்தது.

முத்துலட்சுமியின் கதைக்கு வருவோம். மெட்ரிகுலேசன் முடிந்ததும் அவர் மேலே படிக்க விரும்பினார். புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்களுக்கான மகாராஜா கல்லூரி ஒன்றுதான். அவரது விண்ணப்பம் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. ஒரு பெண் வகுப்பில் இருந்தால் பையன்களின் படிப்புக் கெட்டுவிடும் என்றார்கள். தாயின் குலத்தையும் இழுத்துப் பேசினார்கள். முடிவு மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானிடம் சென்றது. எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் அவர் அனுமதி அளித்தார், உதவித்தொகையும் வழங்கினார். 1904 ஆம் ஆண்டு முத்துலட்சுமி அக்கல்லூரியின் மாணவியானார்.

ஆனால் எப்படிப்பட்ட மாணவி? மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போனார். வகுப்பில் அவருக்கென்று ஒரு மறைப்பு. மாணவர்கள் அவரைக் காண முடியாது. விரிவுரையாளரின் குரல் கேட்டால் போதும் என்று அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து குறிப்பெழுதினார். அத்தனை பேர் நிறைந்த வகுப்பில் ஒரு சந்தேகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியாத தனிமையை எண்ணிப் பாருங்கள், தோழியரே! நாங்கள் ஒரு நாள் வகுப்புக்கு வராவிட்டால் அன்று மாலையே தோழியிடம் கொப்பி வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்கிறோம். அவருக்கு அந்த வசதியும் இல்லை. இருந்தும் அந்தப் படிப்பை அவர் முடித்தார்.

முத்துலட்சுமி இவ்வாறு திரைக்குப் பின்னால் படித்த காலத்தையொட்டியே வங்காளத்தில் எமது சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியும் இதே போராட்டத்தை நடத்தினார். பேகம் ரொக்கையா சக்காவத் ஹுசைன் தமது கணவரின் பெயரால் 1911 மார்ச்சில் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியபோது வந்த மாணவியர் எட்டுப் பேர் மட்டுமே. பிள்ளைகளை ஏற்றிவர வைத்த வண்டியை வெளியார் பார்வை படாதவாறு முற்றாக மூட வேண்டியிருந்தது. காற்றில்லாமல் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். காற்றுக்காகத் திரையைச் சற்று மாற்றியமைத்தபோது, பர்தா கெட்டுவிட்டது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. காற்றையும் விடாதே, கண்ணியத்தையும் விடாதே என்ற இந்த நெருக்கடிக்குள் நின்றுதான் அவர் அந்தப் பாடசாலையை வளர்த்தெடுத்தார். எமது நாட்டிலும் அறிஞர் சித்திலெப்பை அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டார்கள். சமயமும் ஊரும் வேறாக இருந்தாலும், அந்தத் தலைமுறை முழுவதும் ஒரே கதவையே தட்டியது.

1907 ஆம் ஆண்டு முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டைத் திரை அங்கே இருக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத திரைகள் இருந்தன. பெண்களைத் தமது வகுப்பில் இருத்த விரும்பாத பேராசிரியர் ஒருவர் அங்கிருந்தார். சத்திரசிகிச்சைப் பாடத்தில் முத்துலட்சுமி பெற்ற புள்ளிகளே அவருக்குரிய மறுமொழியாயின. பதக்கங்களும் பரிசுகளும் பெற்று 1912 ஆம் ஆண்டு அவர் வைத்தியராக வெளியேறினார். இந்தியாவின் முதற் பெண் வைத்தியர் இவரே என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் வைத்தியப் பட்டம் பெற்றதே 1886 இல்தான். அது முத்துலட்சுமி பிறந்த ஆண்டு. முத்துலட்சுமியின் பெருமைக்கு அந்தப் பட்டம் தேவையுமில்லை. வீட்டு மூலையிலிருந்து சத்திரசிகிச்சைக் கூடம் வரை அவர் கடந்த தூரமே போதும்.

படிப்பு முடிந்ததும் எழும்பூரிலிருந்த அரசினர் மகளிர், குழந்தைகள் வைத்தியசாலையில் பணியாற்றினார். அங்கே அவர் கண்டது என்ன? பிள்ளைப் பருவம் கழியுமுன்பே பிள்ளை பெற வந்த சிறுமியர். குருதி வற்றி வெளிறிய தாய்மார். ஆண் வைத்தியரிடம் காட்ட வெட்கப்பட்டு நோயை முற்றவிட்டு வந்த பெண்கள். பெண்ணின் அறியாமையும் பெண்ணின் நோயும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பதை அவர் அந்தக் கட்டில்களின் ஓரத்தில் நின்றுதான் கற்றிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த ஒவ்வொரு காரியத்திலும் கல்வியும் சுகாதாரமும் சேர்ந்தே வருவதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1914 ஆம் ஆண்டு வைத்தியர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தமது பணிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. கணவர் அதை ஏற்றார், இறுதிவரை துணைநின்றார். இரண்டு ஆண்மக்களின் தாயாகவும் இருந்துகொண்டே தமது வைத்தியப் பணியை அவர் தொடர்ந்தார்.

1925 இல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்தபின் அவர் எதிர்பாராத ஒரு கதவு திறந்தது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னை சட்டசபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். பிரித்தானிய இந்தியாவின் சட்டசபை ஒன்றில் அமர்ந்த முதற் பெண் அவரே. 1927 இல் அச்சபையின் துணைத் தலைவராகவும் தெரிவானார். திரைக்குப் பின்னால் இருத்தப்பட்ட மாணவி இப்போது சபை முழுவதும் பார்க்கும் ஆசனத்தில் அமர்ந்திருந்தார்!

அந்த ஆசனத்திலிருந்து அவர் எதைக் கேட்டார் என்பதைப் பார்த்தால், அவர் தமது பதின்மூன்று வயதை மறக்கவில்லை என்பது விளங்கும். ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி வேண்டும் என்றார். பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் மாணவரை ஒழுங்காக வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவியருக்கு உதவித்தொகை கேட்டார். பெண்ணின் திருமண வயது 16 ஆகவும் ஆணின் வயது 21 ஆகவும் உயர வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1929 இல் இந்தியாவில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்று நிர்ணயித்தது. அவர் கேட்டது அதைவிட இரண்டு ஆண்டுகள் கூடுதலானது. ஒரு மாணவிக்கு அந்த இரண்டு ஆண்டுகள் எவ்வளவு பெரியவை என்பதை எங்களைவிட வேறு யார் அறிவார்!

எம் வாசகியர் கவனிக்க வேண்டிய ஒரு விடயமும் அதில் உண்டு. முஸ்லிம் மாணவியர் தங்கிப் படிக்க விடுதி வேண்டும் என்பதற்காகவும் அவர் உழைத்தார். அப்படியொரு விடுதி திறக்கவும்பட்டது. தூர ஊர்ப் பிள்ளைக்கு விடுதிதான் பாடசாலையின் வாசல். பாதுகாப்பான கூரை, தண்ணீர், உள்ளிருந்து பூட்டக்கூடிய அறை ஆகிய மூன்றும் இருந்தால்தான் உம்மாவும் வாப்பாவும் மனநிம்மதியோடு பிள்ளையை அனுப்புவார்கள். தம் சமயத்தவரல்லாத பிள்ளைகளின் இந்தத் தேவையை அவர் உணர்ந்தது, தாமும் ஒருநாள் வாசலில் நிறுத்தப்பட்டவர் என்பதாலேயே.

பெண்பிள்ளைகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கவும் அவர் போராடினார். அது அவரது தாயின் சமூகத்தையே உலுக்கிய போராட்டம். புகழ்பெற்ற தலைவர்கள் சிலரே அவரை எதிர்த்தார்கள். 1930 இல் அவர் கொண்டுவந்த மசோதா சட்டமாவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் அவ்வாழ்க்கையிலிருந்து தப்பிவந்த சிறுமியர் மூவர் அவரது வீட்டு வாசலில் நின்றார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் முன்வரவில்லை. ஆகவே தமது வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930 இல் அப்படித் தொடங்கியதுதான் ஔவை இல்லம். அங்கு வந்த பிள்ளைகளுக்குச் சோறும் கூரையும் மட்டுமன்றிப் படிப்பும் தொழிலும் கிடைத்தன. பலர் ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் வெளியேறினார்கள்.

இந்தியக் கல்வி நிலையை ஆராய அமைந்த ஹார்ட்டோக் குழுவிலும் அவர் ஒரே பெண் உறுப்பினராக இருந்தார். அக்குழுவோடு பயணம் செய்து பெண்கல்வியின் நிலையை நேரில் கண்டார். 1930 இல் காந்தியடிகள் கைதானபோது, சட்டசபைப் பதவியைத் துறந்து வெளியேறினார்.

அவரது வாழ்வின் கடைசிப் பெரும்பணி ஒரு துயரத்திலிருந்து பிறந்தது. 1923 இல் அவரது சகோதரி புற்றுநோயால் இறந்தார். வைத்தியராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாத அந்த வேதனையை முப்பது ஆண்டுகள் அவர் மனதில் சுமந்தார். பலரிடம் கேட்டு, பலமுறை மறுக்கப்பட்டு, 1952 இல் அடையாறில் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அடிக்கல் நாட்டச் செய்தார். 1954 ஜூன் 18 இல் பன்னிரண்டு கட்டில்களோடு அது திறக்கப்பட்டது. இன்று அது இந்தியாவின் முக்கியமான புற்றுநோய் நிலையங்களுள் ஒன்று. 1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22 இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 81.

இத்தோடு வரலாறு முடிகிறது. ஆனால் நான் இதை எழுதத் தொடங்கியது வரலாற்றுக்காக மட்டும் அல்ல.

இன்று எம் நாட்டில் பெரியபிள்ளையானதும் படிப்பை நிறுத்தும் வழக்கம் பெரிதும் மறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பல்கலைக்கழகங்களில் எம் சகோதரியர் நிறைந்திருக்கிறார்கள். ஆயினும் ஒட்டுமொத்தமாக நின்றுபோன படிப்பு ஒழிந்தாலும், மாதத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று சிறுகச் சிறுக நின்றுபோகும் படிப்பு இன்னும் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு நாள் என்றால் ஆண்டுக்கு இருபது பாடசாலை நாட்கள். அந்த இருபது நாட்களிலும் கணிதத்தில் ஒரு அலகு முடிந்திருக்கும். இரசாயனவியலில் இரண்டு பரிசோதனைகள் நடந்திருக்கும். வரவுப் பதிவேட்டில் காய்ச்சல், தலைவலி என்றே காரணம் எழுதப்படும்.

உண்மைக் காரணங்களோ எளியவை. அணையாடை வாங்கக் காசில்லை. பாடசாலை மலசலகூடக் கதவுக்குக் கொளுக்கி இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. பாவித்ததைப் போட மூடியுள்ள கூடை இல்லை. இறக்குமதி அணையாடைகள் மீது 2018 வரை எமது நாட்டில் நூறு வீதத்துக்கும் மேல் வரி இருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி வந்த பின், அரிசியா அணையாடையா என்ற நிலை பல வீடுகளுக்கு வந்தது. 2024 இல் வறிய, தூரப் பாடசாலைகளைச் சேர்ந்த ஏறக்குறைய 8 இலட்சம் மாணவியருக்கு அணையாடைக்கான வவுச்சர் வழங்க அரசாங்கம் தீர்மானித்தது. இது பெண்பிள்ளைகளின் வீட்டுப் பிரச்சினை என்று மூலையில் கிடந்த விடயம், கல்விப் பிரச்சினையாக ஏற்கப்பட்டதன் அடையாளம் அது.

பெற்றோரே, உங்களிடம் பணிவோடு சில வார்த்தைகள். உம்மாமாரே, உங்கள் மகளுக்கு அந்த நாள் வருவதற்கு முன்பே அதைப் பற்றிச் சொல்லிவையுங்கள். எதுவுமே அறியாத பிள்ளை, தனக்குக் கொடிய நோய் வந்துவிட்டதோ என்று அழுகிறாள். அணையாடையோ துணியோ எதுவாயினும் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றும், துணியை நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும் என்றும் சொல்லுங்கள். வெட்கத்துக்காக அதை இருட்டு மூலையில் காயவைப்பதால் நோய்க்கிருமிகளே பெருகும். குருதி அதிகம் போகும் பிள்ளைக்கு முருங்கைக்கீரையும் பருப்பும் மீனும் கொடுங்கள். தாங்க முடியாத வலி என்றால், எல்லாருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாப்பாமாரே, இது உங்களுக்கு உரியதல்ல என்று எழுந்து போய்விடாதீர்கள். முத்துலட்சுமியின் கதையில் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தகப்பன்தான். மாதச் சாமான் சிட்டையில் சீனி, தேயிலையோடு இதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் விளையாட்டு மைதானத்தைப் பற்றிப் பேசும்போது, மாணவியர் மலசலகூடத்தின் கதவையும் தண்ணீரையும் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்டால் அது நடக்கும். நாங்கள் கேட்பதற்கு இன்னும் கூச்சப்படுகிறோம்.

தோழியரே, வகுப்பில் ஒருத்தி திடீரென வராமற்போனால் அவளைக் கேலி செய்யாமல் அவளுக்காகப் பாடக் குறிப்புகளை எழுதிவையுங்கள். புத்தகப் பையில் உங்களுக்கென்று ஒன்று வைத்திருந்தால், இன்னொருத்திக்கென்று இன்னொன்றும் வையுங்கள். அதுவும் ஸதக்காதான்.

முத்துலட்சுமியின் வகுப்பில் தொங்கிய திரை என்றோ கழற்றப்பட்டுவிட்டது. அது தானாகக் கழன்று விழவில்லை. ஒரு தகப்பனின் பிடிவாதமும், ஒரு மன்னரின் துணிவும், ஒரு மாணவியின் விடாமுயற்சியும் சேர்ந்தே அதைக் கழற்றின. இன்னும் மிச்சமிருக்கும் சிறிய திரைகளுக்கு மன்னர்கள் தேவையில்லை. ஒரு கொளுக்கி, ஒரு வாளித் தண்ணீர், கூச்சமில்லாத ஒரு வார்த்தை ஆகியவையே போதும். அவற்றை நாம் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், எம் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு முடிவுத் திகதியை இனி அவர்களே குறிப்பார்கள்.